பால் இல்லாத கூடை

எட்டாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று நானும், நான் போதும் என்று பள்ளிக்கூடமும் முடிவு செய்த பிறகு நான் பார்க்காத வேலை குறைவு. ஆயக்குடியில் கொய்யாப்பழம் தரம் பிரித்தேன். பழனி அடிவாரத்தில் மொட்டைத் தலைகளுக்குச் சந்தனம் தடவினேன். வட்டக்கானலில் ஒரு விடுதியில் போர்வை துவைத்தேன். எங்கேயும் ஒரு வருஷத்துக்கு மேல் கால் நிற்காது. அப்படித்தான் கொடைக்கானலிலிருந்து பூம்பாறை போகிற வழியில் ஓர் அக்காவின் டீக்கடையில் வந்து ஒண்டினேன். சம்பளம் சொற்பம். சோறு உண்டு, விறகு அடுக்குக்குப் பக்கத்தில் படுக்கவும் இடம் உண்டு. அடுப்புச் சாம்பலின் சூடு ஆறுவதற்குள் தூங்கிவிட வேண்டும். ஆறிவிட்டால் விடியும்வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மார்கழி பிறக்கும் நேரம் அக்கா சொல்லிவிட்டார்.

"பத்து ரூவா டீயைப் பன்னெண்டு ஆக்கணும்லே. ஆக்கலைன்னா உனக்குச் சோறு போட்டு என்னால முடியாது. நீ கீழ எறங்கிற வேண்டியதுதான்."

அந்த முறை மட்டும் எனக்குப் போக மனசில்லை. கீழே கன்னிவாடிப் பக்கம் அப்போது வேலையே இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

ஆனால் விலையை அக்கா நினைத்தபடி ஏற்ற முடியாது. முன்பு ஒரு தடவை ஏற்றியபோது ஊரே அடுத்த வளைவில் இருக்கிற கடைக்குப் போய்விட்டது. அக்காவைப் பழைய விலைக்கே இறங்கவைத்து ஊரைத் திருப்பிக் கூட்டிவந்தது இரண்டு பேர். ஒருவர் பூண்டுக்காரர், சென்னையில் ஆள்கிற கட்சி. இன்னொருவர் அவருடைய தங்கையைக் கட்டிய ஜீப்காரர். டெல்லியில் ஆள்கிற கட்சி. இந்த மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து சரி என்று சொன்னால் ஊர் சரி என்று சொல்லும். அவர்கள் சேர்ந்து சரி என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

அக்கா விஷயத்தை எடுத்ததுமே ஜீப்காரர் போனை நீட்டினார். "வெலைய ஏத்துறியா? இங்க பாரு தங்கச்சி, பணவீக்கம் கொறைஞ்சிருச்சுன்னு போட்டிருக்கான்."

"கொறைஞ்சிருச்சுன்னா வெலை எறங்கணும்லண்ணே?"

"அப்படி இல்ல தங்கச்சி. பஸ்சு மலை ஏறுது. ரெண்டாவது கியர்ல வந்தது மொத கியருக்கு மாறுது. வேகம் கொறைஞ்சிருச்சா இல்லையா?"

"ஆனா ஏறிக்கிட்டுதானே இருக்கு?"

"ஏறுதுதான். ஆனா மெதுவா."

பூண்டுக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "மெதுவா ஏறி உச்சிக்கே போயிரும் மாப்ள உங்க பஸ்சு. எதை வச்சுலே அளந்தானுங்க இதை?"

"ஒரு கூடை வச்சிருக்காங்க மச்சான். எல்லாரும் வாங்குற சாமானை அதுல போட்டு, போன வருசம் என்ன வெலை, இந்த வருசம் என்ன வெலைன்னு பாப்பாங்க."

அக்கா உள்ளே போய்க் கேரட் சுமக்கிற மூங்கில் கூடையை எடுத்துவந்து நடுவில் வைத்தார். "அப்ப நாமளும் பாத்துருவோம். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட சாமான் உள்ள கெடக்கட்டும். வெலை ஏறியிருந்தா டீ பன்னெண்டு. ஏறலைன்னா பத்தே இருக்கட்டும், இவனை வெள்ளனே அனுப்பிச்சிர்றேன்."

நான் கூடையைக் கும்பிடாத குறையாகப் பார்த்தேன்.

முதலில் பால் பாக்கெட் விழுந்தது. பூண்டுக்காரர் உடனே எடுத்து வெளியே வைத்தார். "பால் வெலையெல்லாம் சேக்கப்படாது. எங்க ஆட்சியைக் குத்திக் காட்டுறதுக்குன்னே கொண்டாந்தது." ஜீப்காரர் பதிலுக்கு கேஸ் சிலிண்டரை உருட்டித் தள்ளினார். "அப்ப இதுவும் வேணாம். இது எங்களைக் குத்துறது." கரண்ட் பில்லை மச்சான் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். சீனியையும் தேயிலைத்தூளையும் மாப்பிள்ளை துண்டைப் போட்டு மூடினார். பஸ் டிக்கெட் போயிற்று. பெட்ரோல் பேச்சே எடுக்கக்கூடாது என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பூண்டை மட்டும் ஜீப்காரர் விடவில்லை. அந்த வருஷம் பூண்டு விலை விழுந்து கிடந்தது.

"பூண்டு உள்ளதான் இருக்கணும். கணக்கு நல்லா எறங்கும்."

"என் வயித்தெரிச்சலை வச்சு உங்க டெல்லிக் கணக்கை எறக்குறியா மாப்ள? பூண்டு வெலை ஏறினா அதுக்குப் பேரு விவசாயி வருமானம். அது கூடைக்குள்ளயே வராது!"

"அப்ப பால் உள்ள வரட்டும்."

பூண்டுக்காரர் பால் பாக்கெட்டை இன்னும் தள்ளி வைத்துவிட்டு, "பூண்டே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

கடைசியில் கூடையில் மிஞ்சியவை பூண்டு, உப்பு, தீப்பெட்டி, மிளகு. மிளகு அக்காவின் தாய்வீட்டிலிருந்து வருவது. அதன் விலை யாருக்கும் தெரியாததால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. உப்பும் தீப்பெட்டியும் நின்ற இடத்தில் நின்றன. பூண்டு இறங்கியிருந்தது. ஆகவே எங்கள் மலையில் விலைவாசி குறைந்துவிட்டது என்று இரண்டு கட்சியும் ஒருமனதாக அறிவித்தன. நான் என் துணிப்பையைத் தேடப் போனேன்.

அக்கா கூடையைத் தன் பக்கம் இழுத்தார். தீப்பெட்டியை எடுத்து விறகடுப்பைப் பற்றவைத்தார். தண்ணீர் கொதித்ததும் பூண்டையும் மிளகையும் தட்டிப் போட்டு, உப்பைக் கிள்ளிப் போட்டு, இரண்டு டம்ளரில் ஊற்றி இருவர் முன்னாலும் வைத்தார்.

"என்ன தங்கச்சி இது?"

"டீ. உங்க கூடையில இருந்ததை வச்சுப் போட்டிருக்கேன். பத்து ரூவாதாண்ணே, ஏறவே இல்ல."

மச்சான் ஒரு வாய் குடித்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். மாப்பிள்ளை குடிக்காமலேயே ரோட்டைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் பனிமூட்டத்துக்குப் பயந்து ஒரு கார் ஓரமாக வந்து நின்றது. குரங்குக் குல்லா போட்ட ஒருவர், தும்மிக்கொண்டே அவர் மனைவி, பின்னால் மூன்று உருப்படிகள்.

"என்னங்க இது, வாசனை தூக்குது?" என்றார் குல்லாக்காரர்.

இருபது வருஷமாகச் சுற்றுலாக்காரர்களிடம் பேசிப் பேசிப் பழகிய வாய் ஜீப்காரருடையது. வெளியூர்க் கார் நின்றால் அது தானாகத் திறந்துகொள்ளும்.

"மலைப்பூண்டு டீ சார்! தொண்டைக்கு ஸ்பெஷல். இங்க மட்டும்தான் கெடைக்கும்."

"எவ்வளவு?"

"நாப்பது ரூவா சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. அக்கா அதற்குள் ஐந்து டம்ளரைக் கழுவிவிட்டார். குல்லாக்காரர் இரண்டு வாங்கிக் குடித்தார். மனைவியின் தும்மல் நின்றதா என்று தெரியாது, ஆனால் டம்ளரோடு போட்டோ எடுத்துக்கொண்டார். அவர்கள் போவதற்குள் பின்னால் வந்த வேனும் நின்றது.

"ஏன் மாப்ள, கண்ணு முன்னாலயே பத்து ரூவா டீ நாப்பது ஆயிருச்சு. இதுக்கு உங்க கூடையில என்ன பேரு?" என்று கேட்டார் பூண்டுக்காரர்.

"இது புதுச் சாமான் மச்சான். நேத்து இப்படி ஒண்ணு உலகத்துலயே இல்ல. நேத்து இல்லாததுக்கு எப்படி வெலை ஏறும்?"

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. துணிப்பையோடு அக்கா பக்கத்தில் போய் நின்றேன். "அக்கா, அப்ப நான் வெள்ளனே கெளம்பவா?"

"கெளம்பிட்டா பூண்டை யாருலே உரிப்பா? பையை உள்ள போட்டுட்டு வெரசா உக்காரு. வேன்ல பன்னெண்டு பேரு இருக்காங்க."

முறத்தில் பூண்டைக் கொட்டிக்கொண்டு பெஞ்சுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். பெஞ்சில் அடுத்த சண்டை ஆரம்பித்திருந்தது. இப்படி ஒரு டீ வந்தது டெல்லி ஆட்சியிலா, சென்னை ஆட்சியிலா என்பது பிரச்சினை. எங்கள் பூண்டு என்றார் மச்சான். என் வாய் என்றார் மாப்பிள்ளை. பேச்சு மும்முரத்தில் ஆளுக்கொரு பிடி அள்ளி, தாங்களே அறியாமல் உரித்துக்கொண்டும் இருந்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, முறத்தை அவர்கள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.