சுத்தமாகக் கிடந்த பேசின்

நான்கு வருடங்களுக்கு முன்பு, சிட்னியில் எங்கள் பென்டில் ஹில் வீட்டில், ஒரு சனிக்கிழமை காலை நடந்தது இது. குளியலறையைக் கழுவிக்கொண்டிருந்தேன். கலியாணமான நாளிலிருந்து எனக்கும் என் கணவருக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டென்றால், அது முகம் கழுவும் பேசினைப் பற்றியதுதான். சவரம் செய்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிவிட அவருக்குக் கை வராது. மிளகுத்தூள் தூவின மாதிரி முடி ஒட்டிக்கிடக்கும். நான் கத்துவேன், அவர் காதில் வாங்கமாட்டார். அன்று தேய்ப்பதற்காகக் குனிந்தால், தேய்க்க ஒன்றுமே இல்லை. யோசித்துப் பார்த்தேன். நான் கத்தியே பல மாதங்கள் ஆகியிருந்தன.

மனுஷன் ஒருவழியாகத் திருந்திவிட்டார் என்றுதான் முதலில் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது, அவர் திருந்தவில்லை. வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் சவரம் செய்யத் தேவையே இல்லாமல் போயிருந்தது.

அவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. எலக்ட்ரீஷியன். ஏணியில் ஏறி இறங்கி வேலை செய்துவிட்டு வந்தும் பட்மின்டன் விளையாடப் போகிறவர். அப்படிப்பட்டவர் வேலையால் வந்ததும் சோபாவில் சுருண்டுவிடுவார். தலையிடி, எரிச்சல், எதிலும் பிடிப்பில்லை. இதற்கு நடுவில் நாங்கள் ஒரு பிள்ளைக்காக ஏங்கிக்கொண்டிருந்தோம். கோயிலில் கண்ட அன்ரிமார் எல்லோரும் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்குச் செய்யாத பரிசோதனை இல்லை. என்னில் குறை ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் அவரையும் பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எங்கள் குடும்ப டொக்டர் ஒரு தமிழர். மாமனாருடன் ஊரில் ஒன்றாகப் படித்தவர், அதனால் எங்களுக்கு அங்கிள். என் கணவர் அவரிடம் போய், "அலுப்பா இருக்கு அங்கிள்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அங்கிளும் சீனி, பிரஷர், விற்றமின் எல்லாம் பார்த்துவிட்டு, நடக்கச் சொல்லி அனுப்புவார். அவரில் பிழை சொல்லமாட்டேன். சொன்ன வருத்தத்துக்குத்தானே மருந்து கொடுக்கலாம்? சொல்லாததைச் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. நாளைக்கே கோயில் அன்னதானத்தில் இவர் இலையில் சாம்பார் ஊற்றப்போகிற மனிதரிடம், எங்கள் படுக்கையறைக் கதையை எப்படிச் சொல்வது?

அன்று பேசினுக்கு மேலிருந்த அலுமாரியையும் துடைக்கப் போனேன். துவாய்களுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே மருந்துக் குப்பியும் ஊசிகளும். போதைப்பொருளோ என்று பயந்து அவரைக் கூப்பிட்டேன். வந்தவர் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். ஜிம்முக்குப் போகும் சிநேகிதன் ஒருவன் கொடுத்தானாம். டெஸ்டோஸ்டிரோன், ஆண்களின் ஹோர்மோன். இன்ரர்நெட்டில் வாசித்தால் தனக்குள்ள குறையெல்லாம் அதில் அப்படியே இருக்கிறதாம். திங்கட்கிழமை முதல் ஊசி போடுவதாக இருந்தாராம்.

"உமக்கெண்டுதானப்பா வாங்கினனான்," என்றார். "உமக்கு ஒரு பிள்ளையைத் தர ஏலாதவன் எண்டு நாளைக்கு ஆரும் சொல்லக்கூடாது."

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இவ்வளவையும் நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு என்னோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறாரே! பெட்டியை எடுத்து என் கைப்பைக்குள் போட்டேன். "ஒரு டொக்டர் பாத்துச் சொல்லும்வரைக்கும் இது என்னோடதான் இருக்கும்," என்றேன்.

கோயிலிலோ கலியாண வீட்டிலோ எங்களைக் காணவே வாய்ப்பில்லாத ஒரு டொக்டரைத் தேடினேன். நகரத்தின் மறுபக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கிடைத்தார். இரண்டு ரயில் மாறிப் போகவேண்டும். வழியெல்லாம் என் கணவருடைய ஒரே நிபந்தனை, நான் உள்ளே வரக்கூடாது என்பது. "நீர் வெளியில இரும், நான் கதைச்சுப்போட்டு வாறன்," என்றார். நன்றாகத் தலையாட்டினேன். பெயர் கூப்பிட்டதும் அவருக்கு முன்னால் எழுந்து உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் போனது நல்லதாயிற்று. நித்திரை எப்படி என்று டொக்டர் கேட்டார். பரவாயில்லை என்றார் இவர். தலையிடி? எப்போதாவது. எத்தனை நாளுக்கு ஒரு தடவை சவரம் செய்வீர்கள் என்று அந்த அம்மா கேட்டதற்கு, கொஞ்சமும் கூசாமல் ஒவ்வொரு நாளும் என்றார்! பேசின் கழுவுகிறவள் நான். பொய் என்றேன். அதோடு நிற்கவில்லை. கணவன் மனைவியாக நாங்கள் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது என்பதையும் சொல்லிவிட்டேன். இவர் தரையைப் பார்த்தபடி இருந்தார். டொக்டரோ, நான் காய்ச்சல் என்று சொன்னதுபோல அதைக் கேட்டு எழுதிக்கொண்டார். எங்களுக்கு மலையாக இருந்தது அவருக்குச் சாதாரணமாக இருந்தது.

பிறகு பெட்டியை மேசையில் வைத்தேன். டொக்டரின் முகம் மாறியது. பிள்ளை பெற்றுக்கொள்ள ஆசைப்படுகிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றதும், பொறுமையாக விளங்கப்படுத்தினார். இந்த ஹோர்மோன் வெளியிலிருந்து உள்ளே போனால், உடம்பு தான் சுரப்பதை நிறுத்திவிடும். அதோடு விந்தணு உண்டாவதும் நின்றுபோகலாம். நிறுத்தினாலும் பழையபடி வரப் பல மாதங்கள் ஆகும். உற்சாகம் வந்த மாதிரி இருக்கும், ஆனால் ஹோர்மோன் குறைந்ததற்குக் காரணம் என்னவென்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். பிள்ளைக்காக வாங்கின ஊசி அந்தப் பிள்ளைக்கே வழியை அடைத்திருக்கும். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்நிய மனிதர் முன்னால் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அந்த ஹோர்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்குமாம். அதனால் வெறும் வயிற்றில், வெவ்வேறு இரண்டு காலைகளில் இரத்தம் எடுத்தார்கள். இரண்டிலும் குறைவு. இன்னொரு ஹோர்மோன் மட்டும் எக்கச்சக்கமாகக் கூடியிருந்தது. பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பால் சுரக்க உதவுகிற ஹோர்மோன் அது. "எனக்கோ?" என்று தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார் இவர். அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஸ்கானில், மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பியில் உளுந்து அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் என் உயிர் போய் வந்தது. புற்றுநோய் இல்லை, சத்திரசிகிச்சையும் இப்போதைக்கு வேண்டாம், மாத்திரையிலேயே சுருங்கும் என்றார் ஹோர்மோன் ஸ்பெஷலிஸ்ட். பால் ஹோர்மோனைக் கூட்டி டெஸ்டோஸ்டிரோனை அமுக்கியது அந்தக் கட்டிதானாம், அதற்கு மருந்து கொடுத்தால் டெஸ்டோஸ்டிரோன் தானாகவே ஏறலாம் என்றும் சொன்னார். ஊசிக்கு அவசியமே இருக்கவில்லை.

மாத்திரை தொடங்கியதும் ஒரேயடியாக எதுவும் மாறிவிடவில்லை. சில நாள் தலைசுற்றல், சில நாள் சலிப்பு. விடக்கூடாது என்று இருவரும் பிடிவாதமாக இருந்தோம். முதலில் தலையிடி போனது. பிறகு பட்மின்டன் மட்டையைத் தேடினார். ஒரு நாள் காலை பல் விளக்கப் போன நான் பேசினைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். நிறைய முடி! திட்டப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, துடைக்க ஓடி வந்தார். "விடுங்கோ, நான் கொஞ்ச நேரம் பாக்கப்போறன்," என்றேன்.

இப்போது எங்கள் மகளுக்கு இரண்டு வயதாகப் போகிறது. அங்கிளிடமும் எல்லாவற்றையும் இவரே போய்ச் சொல்லிவிட்டார். "இதை எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே தம்பி," என்று அவர் மிகவும் வருத்தப்பட்டார். அலுப்பு என்று சொல்லும் சிநேகிதர்களிடம் இவர் இப்போது ஒன்றுதான் சொல்வார்: "டொக்டரிட்டைப் போ. மனிசியையும் உள்ள கூட்டிக்கொண்டு போ."

பேசினில் முடி கிடந்தால் நான் இன்றைக்கும் சத்தம் போடத்தான் செய்கிறேன், ஆனால் கிடக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளாமல் எனக்கு ஒரு நாளும் விடிவதில்லை.