மேஜையில் விட்ட புத்தகங்கள்

மாநாட்டுக்கு மூன்று நாள் இருக்கும்போதே உஷ் அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரே கிளை நூலகத்தில், ஒரே நாற்காலியில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து, யார் வாயைத் திறந்தாலும் "உஷ்" என்று சொல்லியே பெயர் வாங்கியவர் அவர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. இரண்டாயிரம் நூலகர்கள் ஒரே கட்டடத்தில் கூடி மூன்று நாள் பேசப்போகிறார்கள் என்பதே அவருக்கு நம்பமுடியாத சங்கதி. அடுத்தவரைப் பேசவிடாமல் பிழைக்கிற கூட்டமல்லவா அது?

வேடிக்கை பார்க்க மட்டும் அக்கா கிளம்பவில்லை. இரண்டு மாதம் முன்னால் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. நாளொன்றுக்கு முப்பது புத்தகமாவது இரவல் போகாத கிளைகளை வருடக் கடைசியில் மூடிவிட்டு, புத்தகங்களைப் பெரிய நூலகத்துக்கு ஏற்றிவிடுவார்களாம். அக்காவின் கிளையில் இரவல் பன்னிரண்டு, மிஞ்சிப்போனால் பதினைந்து. ஆனால் நாற்காலிகள் காலை முதல் சாயங்காலம் வரை நிறைந்தே இருக்கும். இதை எழுதி அனுப்பினார். இயக்குநரிடமிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது: "காற்று வாங்க வருவோர் கணக்கில் சேர மாட்டார்கள்." அந்த வரியைப் படித்த அன்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த இயக்குநர்தான் மாநாட்டின் முதல் நாள், பெரிய ஹாலில், சிறிய நூலகங்களின் எதிர்காலம் பற்றிப் பேசப்போகிறார். அங்கேயே எழுந்து நின்று கேட்டுவிடுவது என்று அக்கா முடிவு கட்டியிருந்தார். கேள்வியைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்ததில் கண்ணாடிக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

"மூணு நாளைக்கு ரெண்டு செட் துணி, ஆறு நோட்டா?" என்றார் தையல்காரரான வீட்டுக்காரர், பையைத் தூக்கிப் பார்த்து.

"துணியைத் துவைச்சுப் போட்டுக்கலாம். கேட்டதை எழுதாம விட்டா திரும்பக் கிடைக்குமா?"

நிகழ்ச்சி நிரல் ஒரு தடிப் புத்தகமாகவே தபாலில் வந்திருந்தது. நூற்றுநாற்பது அமர்வுகள். அக்கா அதில் முப்பத்தெட்டைப் பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதினார். தலைப்பு, பேசுகிறவர், அறை எண், மூலையில் பொடி எழுத்தில் நேரம். பிறகு எல்லாவற்றையும் அழகாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டார். பஸ்ஸில் போகும்போது இரண்டு தடவை எடுத்துச் சரிபார்த்தார். ஒன்றுகூட இடம் மாறவில்லை. இவ்வளவு ஒழுங்காக எவரும் மாநாட்டுக்கு வந்திருக்க மாட்டார்கள் என்று உள்ளுக்குள் பெருமை பொங்கியது.

பொங்கினது அடங்க அதிக நேரம் ஆகவில்லை. முதல் நாள் காலை, மாநாட்டுக் கட்டடத்தின் வாசலில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, அக்கா கட்டின் முதல் அட்டையை எடுத்தார். வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி. இரண்டாவது வியாழக்கிழமை. மூன்றாவது மறுபடி வெள்ளிக்கிழமை. அப்போதுதான் உறைத்தது. கை பழகின பழக்கத்தில் முப்பத்தெட்டையும் நேரப்படி அடுக்காமல், பொருள்வாரியாக, வகைப்பாட்டு எண் போட்டு அடுக்கித் தொலைத்திருந்தார். குழந்தைகள் பிரிவு ஒரு பக்கம், அலமாரி, கட்டடம் ஒரு பக்கம், நிர்வாகம் கடைசியில். நூலகத்துக்கு அது சரி. மூன்று நாளில் எங்கே ஓடுவது என்று தெரியவேண்டிய ஆளுக்கு அது ஒரு சல்லிக்காசுக்கு உதவாது.

மாடிப்படியில் உட்கார்ந்து அட்டைகளைப் பரப்பினார். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் சுற்றிக்கொண்டு போனார்கள். பாதி அடுக்குவதற்குள், இயக்குநர் பேச்சு தொடங்குகிற பதினோரு மணி தாண்டிவிட்டது. விழுந்தடித்துக்கொண்டு பெரிய ஹாலுக்கு ஓடினால், கதவை மூடிவிட்டார்கள்.

"உள்ள நிக்கக்கூட இடமில்லம்மா," என்றார் கதவில் நின்றவர்.

"ஒரே ஒரு கேள்விதாங்க. கேட்டுட்டு வந்துடுறேன்."

"எல்லாரும் அதேதான் சொல்றாங்க."

அக்காவுக்கு அழுகை முட்டியது. இரண்டு மாதம் காத்திருந்து, கடைசியில் தன் கையாலேயே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாயிற்று. பூட்டின கதவையே பார்த்துக்கொண்டு நின்றவரின் தோளை யாரோ தொட்டார்கள். விடுதி அறையில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அம்மாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நூலகத்தைப் பார்த்துக்கொள்பவர், இது அவருக்கு ஒன்பதாவது மாநாடு. முந்தின நாளே, "ஸ்டால்ல குடுக்குற பையெல்லாம் வாங்காதீங்க, தோள் விட்டுப்போகும். டீ குடிக்கத் தனியா போகாதீங்க, யார்கூடயாவது போங்க," என்று பாடம் எடுத்திருந்தார்.

"பெரிய ஹால்ல பேசுறதை அப்புறம் புத்தகமாவே போட்ருவாங்க," என்றார் ஆஸ்பத்திரி அம்மாள். "சின்ன ரூம்ல பேசுறதுதான் நமக்கு. எங்கூட வாங்க."

மூன்றாவது மாடியில் கடைசி அறை. பதினோரு பேர் இருந்தார்கள், அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். சந்தை ஓரத்தில் ஒரு சிறிய நூலகம் நடத்துகிற நடுவயதுக்காரர் பேசிக்கொண்டிருந்தார். மைக் இல்லை. அக்கா கடைசி வரிசையில் அரை மனதோடு உட்கார்ந்தார்.

"இரவல் கணக்கு பாதிக் கணக்குதாங்க," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்ககிட்ட வர்றவங்க நிறைய பேரு புத்தகத்த வீட்டுக்குக் கொண்டுபோறதே இல்ல. அதனால டேபிள்மேல ஒரு போர்டு வச்சோம். 'படித்த புத்தகத்தை இங்கேயே விட்டுச் செல்லவும்'னு. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை அதையெல்லாம் எடுத்து எண்ணி எழுதிக்குவோம். அப்புறம்தான் அலமாரி. எழுதினா அது கணக்கு. எழுதாம அடுக்கிட்டா, அந்தப் புத்தகத்த யாருமே தொடலன்னு அர்த்தம்."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய நூலகத்திலும் ஒரு போர்டு உண்டு. சிவப்பு பெயிண்டில் அவரே எழுதியது: "எடுத்த புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைக்கவும்." வைக்காதவர்களை அவர் சும்மா விட்டதில்லை. அடுக்கத் தெரியாதவர்களுக்குப் புத்தக முதுகில் ஒட்டிய எண்ணைப் பார்த்து அடுக்கக் கற்றுக்கொடுத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவருடைய வாசகர்கள் பட்டாளம் மாதிரி பழகிவிட்டார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு மேஜையிலும் ஒரு புத்தகம் கிடக்காது. ஆய்வுக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தக் காலி மேஜைகளைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆய்வுக்கு வந்தபோது இயக்குநரும் பார்த்தது அந்த மேஜைகளைத்தான். பார்த்தவர், யாரும் படிக்கவில்லை என்று நினைத்ததில் என்ன தப்பு?

வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. இன்னொரு பக்கம் சந்தோஷம் தாங்கவில்லை. அக்கா எழுந்து நின்று, தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஓர் அறையே திரும்பிப் பார்க்கும்படி உரக்கக் கேட்டார்: "எண்ணுறதுக்கு என்ன ரிஜிஸ்டர் வச்சிருக்கீங்க? எனக்கு இப்பவே காட்டுங்க." தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துக்கொண்டார்.

பத்தே நிமிடத்தில் அக்கா வராந்தாவில் நின்று நூலகத்துக்கு போன் போட்டார். எடுத்தவர் ஸ்விட்ச் அண்ணன். நூலக உதவியாளர், ஆள் இல்லாத இடத்தில் லைட்டோ ஃபேனோ ஓடினால் பொறுக்கமாட்டார், அதனால் அந்தப் பேர்.

"அண்ணே, அந்தச் சிவப்பு போர்ட கழட்டுங்க."

"எது, நீங்க எழுதினதா?"

"நான் எழுதினதுதான். கழட்டிட்டு, படிச்ச புத்தகத்த டேபிள்மேலயே விட்டுட்டுப் போகச் சொல்லுங்க. மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எண்ணி எழுதுங்க. தலைப்பும் எழுதுங்க."

"மேடம், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார் அண்ணன்.

அன்று சாயங்காலம் வந்த எண்ணிக்கை ஏழு. அண்ணன்தான் விஷயத்தை விளக்கினார்: "யாரும் விடமாட்டேங்கிறாங்க மேடம். போர்ட கழட்டினாலும் உங்க பயம் போகல. அக்கா வந்து திட்டுவாங்கன்னு ஓடிஓடி அடுக்குறாங்க. நாளைக்கு அலமாரிக்குக் குறுக்க பெஞ்சப் போட்டுட்டு நானே உட்கார்றேன்."

வியாழக்கிழமை முழுக்க அக்கா காலில் சக்கரம் கட்டிக்கொண்டு சுற்றினார். அட்டைக்கட்டைப் பையின் அடியில் போட்டுவிட்டார். பைண்டிங் பசை விற்கிற ஸ்டாலில் அரை மணி நேரம் வாயடித்தார். கண் தெரியாதவர்களுக்குப் படித்துக்காட்டும் ஒரு குழுவோடு டீ குடித்தார், நடமாடும் நூலக வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தார். மூன்று நோட்டு நிரம்பிவிட்டது. கேட்டதெல்லாம் அவருக்கு வேண்டியதாகவே இருந்தது. ஆனாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கை போனைத் தொட்டுக்கொண்டே இருந்தது.

ஐந்தேகாலுக்கு அது அடித்தது.

"தொண்ணூத்தாறு," என்றார் ஸ்விட்ச் அண்ணன். "இரவல் பன்னெண்டு. டேபிள்ல தொண்ணூத்தாறு. ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

அக்கா பையிலிருந்து ஒரு வெற்று அட்டையை எடுத்துக் கணக்கை எழுதிக்கொண்டார்.

"இன்னொண்ணு மேடம். அந்த ஜன்னலோரம் தினமும் வந்து உட்கார்ற அம்மா இருக்காங்கல்ல? அவங்க விட்டுட்டுப் போனது மோட்டார் ரிப்பேர் புத்தகம். செப்புக்கம்பில காயில் கட்டுறது, பேரிங் மாத்துறது, எல்லாம் படத்தோட போட்டிருக்கும்ல, அது. என்னம்மா இதுன்னு கேட்டேன். எட்டு மாசமா இதத்தான் படிக்கிறேன், ஒரு ஒர்க்‌ஷாப் வைக்கணும், வீட்டுக்குக் கொண்டுபோனா சிரிக்கிறாங்கன்னு சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லிடாதேன்னும் சொன்னாங்க."

ஜன்னலோரத்து அம்மாவை அக்காவுக்கு நன்றாகவே தெரியும். ஃபேனுக்கு நேர் கீழே உட்காருவார், யாரோடும் பேச மாட்டார். வீட்டில் புழுக்கம் போலிருக்கிறது என்று அக்காவே நினைத்திருந்தார். எட்டு மாதமாக அந்த அம்மா போகும்போது புத்தகத்தைச் சரியான இடத்தில் அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார். அது அக்கா கற்றுக்கொடுத்தது. அன்று அக்கா அழுதார், வாயைப் பொத்திக்கொள்ளாமல்.

வெள்ளிக்கிழமை டீ இடைவேளையில் இயக்குநர் ஒரு தூணோரம் பிஸ்கட்டோடு நின்றிருந்தார். அக்கா ஒத்திகை எதுவும் பார்க்காமல் நேரே போய் நின்று, கணக்கு எழுதின அட்டையை நீட்டினார்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "ஒரு நாள் கணக்கு. கையில கிடைச்சத எடுத்துப் புரட்டியிருப்பாங்க. காத்து வாங்க வர்றவங்க வேற என்ன செய்வாங்க?"

"நானும் அப்படித்தான் சார் நெனச்சிட்டிருந்தேன்," என்றார் அக்கா. ஜன்னலோரத்து அம்மாவைப் பற்றிச் சொன்னார். சிவப்பு போர்டைப் பற்றி ஒளிக்காமல் சொன்னார். "தப்பு என்மேல சார். அவங்க படிச்சாங்க. நான்தான் அழிச்சு அழிச்சு வச்சிருக்கேன். மூணு மாசம் குடுங்க, எண்ணிக் காட்டுறேன். குறைஞ்சா நீங்க மூடுங்க, நானே பெட்டி கட்டித் தர்றேன்."

இயக்குநர் டீயில் நனைத்த பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது. அவர் கோப்பையைத் தூணடியில் வைத்துவிட்டு, அட்டையைத் திருப்பி, 'மூடுவதை மூன்று மாதம் நிறுத்தி வைக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "எல்லாக் கிளைக்கும் இந்த ரிஜிஸ்டர அனுப்பச் சொல்றேன்," என்றார், பாதி தனக்குத்தானே.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. படிகளில் இரண்டிரண்டாக இறங்கி, வாசல் வெயிலில் நின்று போன் போட்டார்.

"அண்ணே, மூணு மாசம் குடுத்துட்டாங்க."

"அப்பாடா," என்றார் ஸ்விட்ச் அண்ணன். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு ஆபீஸ் குரலுக்கு மாறினார். "சரி மேடம், நாளைக்கு பைண்டிங்குக்கு வண்டி வருது. அந்த மோட்டார் புத்தகம் முதுகு விட்டுப்போயிருக்கு. அனுப்புற கட்டுல சேத்துடவா?"

"வேண்டாம்," என்றார் உஷ் அக்கா. "அந்தம்மா படிச்சு முடிக்கட்டும்."