தறியைத் தொடாத நாள்

எங்கள் பட்டுக்கடை ஆபீசில் ஒரு பயிற்சி. வெளியாள் யாராவது கம்ப்யூட்டரில் புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டால் என்ன செய்வது என்று, அட்டையும் பகடையும் வைத்து மேசையில் விளையாடச் சொன்னார்கள். எட்டாவதோடு நின்ற எனக்குப் பாதிதான் புரிந்தது. பகடை உருண்ட சத்தத்தில் அப்பாவின் தாயக்கட்டை ஞாபகம் வந்தது.

சின்ன வயதில், அமாவாசையன்று எங்கள் வீட்டில் தறியைத் தொட மாட்டார்கள். தறிக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு, அப்பாவும் பெரியப்பாவும் கூடத்தில் தாயம் உருட்டுவார்கள். ஒரு அமாவாசையில் மயிர் கருகுகிற மாதிரி வாடை வந்தது.

"இன்னாண்ணா, பொகை வருது?" என்றார் அப்பா.

"இன்னிக்குத் தறியாண்ட யாருபா போவப்போறாங்க? பக்கத்து வூட்ல எதுனா கொளுத்திக்கினு இருப்பாங்க. நீ உருட்டு."

விளக்கு சாய்ந்து, பாதி நெய்த முகூர்த்தப் பட்டுப்புடவை, தறியில் கட்டிய பாவு நூலோடு எரிந்துகொண்டிருந்தது. அந்தக் கல்யாண வீட்டார் அப்புறம் எங்களுக்கு வேலையே தரவில்லை.

"லீவு நாள். கம்ப்யூட்டர் பூட்டிக்கிச்சு. மத்ததுக்கும் பரவாம யார் வந்து வயரைப் பிடுங்குவீங்க?" என்று பயிற்சிக்காரர் அடுத்த அட்டையைக் காட்டிக் கேட்டார்.

"லீவுல யாரு சார் ஆபீஸ் பக்கம் வருவாங்க?" என்று கேஷியர் சிரித்தார்.

"நான் வரேன் சார்," என்றேன்.

"சரிமா. கம்ப்யூட்டர் ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?"

மேசையைச் சுற்றி இருந்த யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் எங்களுக்கு லீவு.