சகாதேவன் கவர் இல்லாமல் கொண்டுபோன சீர்

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் சகாதேவனைப் பற்றி ஊரில் இரண்டு கருத்துகள் உண்டு. இயற்கையைக் காப்பாற்றப் பிறந்தவன் என்பார்கள், அவனிடம் அடி வாங்காதவர்கள். அடி வாங்கியவர்கள் சொல்வது அச்சில் ஏறாது. இரண்டாவது கூட்டம்தான் பெரியது.

நாற்பத்திரண்டு வயது. பதினாறில் உப்பு வாரும் பலகையைப் பிடித்தவன். உள்ளங்கை காய்ப்பேறி, உப்பு ஊறி, தொட்டால் செங்கல்லைத் தொட்டது போல இருக்கும். ஒருமுறை ஈ.சி.ஆர். ஓரம் காரை நிறுத்தி, உப்புக் குவியலுக்கு முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்ட ஒருவர், ஜூஸ் குடித்த பிளாஸ்டிக் கப்பை வாய்க்காலில் எறிந்தார். சகாதேவன் இறங்கிப் போய்க் கப்பை எடுத்தான். அப்புறம் அவரை எடுத்து அதே வாய்க்காலில் போட்டான். கப்பைக் கரையில் பத்திரமாக வைத்தான்.

இதைக் கேள்விப்பட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று அவனைக் கூப்பிட்டு விருது கொடுத்தது. பொன்னாடை பிளாஸ்டிக் உறையில் இருந்தது. கேடயம் தெர்மாகோல் பெட்டிக்குள் இருந்தது. மஞ்சப்பையும் ஒன்று கொடுத்தார்கள், அதையும் ஒரு கவருக்குள் போட்டு. சகாதேவன் மேடையிலேயே எல்லா உறைகளையும் உரித்துச் செயலாளரின் சட்டைப்பையில் திணித்தான். பை கிழிந்தது. செயலாளர் அவன் கையைப் பிடித்தார். விருது விழாவில் விருது வாங்கியவனே செயலாளரின் மூக்கை உடைத்தது அந்த அமைப்பின் வரலாற்றில் அதுதான் முதல் தடவை.

பூமி சூடாவதைப் பற்றியெல்லாம் அவனுக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். உப்புக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஈர வரப்பில் வந்த அவன் அம்மா, அங்கே ஒட்டிக்கிடந்த ஒரு கேரி பேக்கின் மேல் கால் வைத்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. நான்கு மாதம் படுக்கையில் கிடந்து செத்துப்போனாள். அவள் விழுந்த அன்று தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டு, திரும்பி வந்து அந்தக் கவரை எடுத்துப் பார்த்தான். யாரோ யாருக்கோ தீபாவளி இனிப்பு கொடுத்த கவர். குத்துவிளக்குப் படம் போட்டு, 'அன்புடன்' என்று அச்சடித்திருந்தது. ஆறு மாதம் காற்றிலும் வாய்க்காலிலும் அலைந்தும் அந்த எழுத்து அழியவில்லை.

அப்படிப்பட்டவனுடைய ஒரே தங்கை சுலோசனாவைப் பிரம்மதேசத்தில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை பாலகுரு நல்லவன், குடிக்க மாட்டான், சொந்தமாகக் கடை வைத்திருந்தான். கிஃப்ட் கடை. தலைப்பொங்கலுக்குச் சீர் கொண்டுபோன சகாதேவனுக்கு, பாலகுரு ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பளபளக்கும் தாளில் ஐந்து சுற்றுச் சுற்றிப் பதில் மரியாதை செய்தான். நல்ல எண்ணத்தோடுதான் செய்தான். சகாதேவன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தாளை மட்டும் திருப்பிக் கொடுத்தான். பேச்சு வளர்ந்தது. மாப்பிள்ளைக்கு முன்பல் ஒன்று போனது.

அதற்கப்புறம் இரண்டு பொங்கலுக்கு அவனை வாசலில் ஏற்றவில்லை. பிறந்த வீட்டுச் சீர் வராத மருமகளைத் தெருவில் ஆளுக்கொரு விதமாக விசாரித்தார்கள். விசாரித்தவர்களுக்கெல்லாம் பதில் தெரியும். தெரிந்தும் கேட்டார்கள். மூன்றாவது பொங்கலுக்கு முன்னால் சுலோசனா போன் செய்தாள்.

"அண்ணா, எங்க அத்த ஒத்துக்கிச்சு, சீர் எடுத்துனு வா. ஆனா உன் கை யார் மேலயாவது பட்டுச்சுன்னா இந்த வாசப்படி உனக்கு அவ்ளோதான். எனக்கும் அண்ணன்னு ஒருத்தன் இல்லன்னு நெனச்சுக்குவேன்."

சரி என்றான். அம்மாவுக்குப் பிறகு அவனுக்கென்று இருந்த வாசல் அது ஒன்றுதான். ஆனால் அந்த வாக்கு பிரம்மதேசத்துக்கு மட்டும்தான் பொருந்தும், மரக்காணம் அதில் சேராது என்று அவன் எடுத்துக்கொண்டான்.

சீரில் ஒரு துண்டு பிளாஸ்டிக் இருக்கக் கூடாது என்று தீர்மானித்திருந்தான். வெல்லக்கடை வேல்முருகன் பழக்க தோஷத்தில் வெல்லத்தைக் கவரில் போட்டான். சகாதேவன் கொட்டினான். மெல்லிசாக இருப்பதால்தான் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்து வேல்முருகன் இரண்டு கவர் போட்டான். விழுந்த அறையில் வேல்முருகனுக்குக் காது கொய்யென்றது. அவன் விட்டெறிந்த எடைக்கல்லில் சகாதேவனின் முழங்கை பிளந்தது. சத்தம் கேட்டு விலக்க வந்த டீக்கடைக்காரருக்கு முழங்கையால் ஒரு இடி கிடைத்தது. கடைசியில் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மறு கையால் பேப்பரில் பொட்டலம் கட்டிக் கொடுத்தான் வேல்முருகன். புடவைக் கடையில் புடவை வைத்த பிளாஸ்டிக் பெட்டியை உரிக்கப் போய் விற்பனையாளரின் கட்டைவிரல் பிசகியது. கரும்பும் மஞ்சள் கொத்தும் பூசணியும் உறை இல்லாமலே விளைகிறவை, ஆகவே அங்கே யாருக்கும் அடி விழவில்லை. பனையோலைக் கூடை விற்றவள், "கூடைக்கு எதுக்குய்யா கவரு?" என்றாள். அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

அந்தச் சீரால் ஒரு மீனுக்கோ நாரைக்கோ மாட்டுக்கோ எள்ளளவும் கெடுதல் கிடையாது. மனிதர்களில்தான் மூன்று பேர் மருந்துக்கடைக்குப் போனார்கள்.

போகி அன்று காலை டி.வி.எஸ்ஸில் கூடையைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். வழி நெடுக டயரும் பிளாஸ்டிக் பாயும் எரிந்தன. நெருப்பைக் கடக்கும்போதெல்லாம் தொண்டைக்கு வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிவிட்டு, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

வாசலில் பாலகுருவின் அம்மா குப்பம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், பஞ்சாயத்துக்கு வந்தவளைப் போல. தெருவே கூடியிருந்தது. சகாதேவன் கூடையை இறக்கி வைத்தான். பாலகுரு சிரித்துக்கொண்டே வந்தான். கட்டிய பல் மற்ற பற்களைவிட வெளுப்பாக இருந்தது. கையில் புத்தம்புதுக் கேரி பேக் கட்டு ஒன்று.

"வா மச்சான். பங்காளிங்க பதினோரு வூடு. உன் கையாலயே பங்கு போட்டுக் குடு. கவர் நம்ம கடையுது."

தெரு சிரித்தது. சகாதேவன் தங்கையைப் பார்த்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கீழே உட்கார்ந்து முதல் கவரை எடுத்தான். காய்ப்பேறிய விரலுக்கு அதன் வாய் பிரியவில்லை. எச்சில் தொட்டுத் திறக்கச் சொன்னான் பாலகுரு. தொட்டுத் திறந்தான். அரிசி போட்டான், வெல்லம் போட்டான், முடிச்சுப் போட்டான். இரண்டாவதையும் அப்படியே செய்தான்.

பாலகுருவுக்கு இது பிடிக்கவில்லை. மூன்று வருடமாகக் காத்திருந்தவன் அவன். சகாதேவன் கையை ஓங்குவான், அத்தோடு தொலைவான் என்று நம்பியிருந்தான். மூன்றாவது கவரைப் பிரிக்கும்போது சகாதேவனின் கன்னத்தில் பளாரென்று விட்டான்.

"இப்ப அடி. அடி பாக்கலாம்."

சகாதேவன் அரிசியை அள்ளினான். அடுத்து விழுந்தது குத்து. உதடு கிழிந்து ரத்தம் கவருக்குள் சொட்டியது. அதற்கடுத்தது உதை. கூடையோடு சாய்ந்தான், அரிசி மண்ணில் சிதறியது. விலாவில் இன்னொரு உதை. சகாதேவன் இரண்டு கைகளையும் அக்குளில் சொருகிக்கொண்டு சுருண்டு கிடந்தான். அவை அவனுடையவை அல்ல, யாரோ நம்பிக் கொடுத்துவிட்டுப் போனவை என்பதைப் போல இறுக்கி வைத்திருந்தான்.

சுலோசனா படியிலிருந்து இறங்கி வந்தாள். சீரில் வந்த கரும்பில் தடித்ததாகப் பார்த்து எடுத்தாள். முதல் அடி புருஷனின் தோளில், இரண்டாவது முதுகில். மூன்றாவதில் கரும்பு கணுவோடு முறிந்தது. கையில் நின்ற துண்டாலும் ஒன்று வைத்தாள். பாலகுரு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எங்கண்ணன் கைய நாந்தான் கட்டிப்போட்டேன். நீ அடிக்கிறதுக்கா கட்டிப்போட்டேன்?"

தெருவில் சிரிப்பு நின்றது. எல்லோரும் குப்பம்மாளைப் பார்த்தார்கள். அவள் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டாள்.

"கண்டிஷன் போட்டது அவன் கைக்கு. அவன் கை ஓங்கல, நான் பாத்தேன். டேய் பாலகுரு, எழுந்து போய் மூஞ்ச கழுவு. சகாதேவா, நீ வருஷா வருஷம் வாப்பா."

பிறகு, புருஷன் மேல் கரும்பை ஓங்கியதற்காக மருமகளைத் திட்ட ஆரம்பித்தாள். அது சாப்பாடு முடியும் வரை நடந்தது. ரத்தம் பட்ட கவரில் கொடுத்தால் பங்காளி எவன் வாங்குவான் என்று கேட்டு, கட்டிய கவர்களையும் பிரிக்கச் சொல்லி, மஞ்சள் இலையில் வைத்தே பங்கு போகட்டும் என்றாள். மீதிக் கவர்க் கட்டு எந்த வாய்க்காலுக்கும் போய்ச் சேராதபடி சகாதேவன் அதை மடியில் சொருகிக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை.

மாலையில் மரக்காணம் திரும்பினான். வெல்லக்கடை வாசலில் வேல்முருகன் காதில் பஞ்சோடு நின்றிருந்தான். வீங்கிய உதட்டைப் பார்த்ததும் அவன் முகத்தில் பண்டிகை வந்துவிட்டது. தங்கச்சி வீட்டில் பதில் மரியாதை பலமோ என்று கேட்டான்.

"பலந்தான்" என்றான் சகாதேவன். "இந்த தடவ கவர் எதுவும் இல்லாம குடுத்தாங்க."

அந்தச் சந்தோஷத்தில் வேல்முருகன் பாதி விலைக்குத் தந்த கரும்பில் தடித்ததாக ஒன்று பார்த்து வாங்கிக்கொண்டு உப்பளத்துப் பக்கம் வண்டியைத் திருப்பினான்.