மலைப்பாதையில் ஓர் அயலவர்

கியூபெக்கில், லாசாலில் எங்கள் மாடிக் குடியிருப்பில் இருக்கிற தமிழாட்கள் பயணம் போவதைப் போய்வந்த பிறகுதான் சொல்வார்கள். டிக்கெட் எடுத்த கதை வெளியே போனால் கண்ணூறு பட்டு எல்லாம் குழம்பிவிடும் என்று பயம். வருடக்கணக்காக எதிரெதிர்க் கதவில் இருப்பவர்கள்கூடப் பெட்டியைச் சத்தமில்லாமல் இறக்கிக்கொண்டு போவார்கள். படித்தவர், கோயில் பக்கமே போகாதவர், எல்லோரும் இதில் ஒரே கட்சி. என் மனைவி அந்தக் கட்சிக்குத் தலைவி. நான் இத்தாலிக்கு டிக்கெட் எடுத்த அன்றே, வந்த பிறகு சொல்லலாம், இப்போது ஒருவரிடமும் மூச்சு விடக்கூடாது என்று கட்டளை போட்டுவிட்டாள்.

நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினேன். உண்மையில் அது எனக்குப் பெரிய வசதியாகப் போயிற்று. எதிர்க்கதவு அண்ணைக்குச் சொல்லாமல் எப்படிப் போவது என்று நான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த நேரம் அது.

அண்ணை என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வயோதிபர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறார். எனக்குச் சீனி வருத்தம் என்று டொக்டர் சொன்ன வருடம், சோர்ந்துபோய் இருந்த என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சைக்கிளில் ஏற்றியவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கால்வாய்க் கரையோரம் ஓடுவோம். வெயில் நல்லதாக இருந்தால் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வரை போய்வருவோம். உடம்பில் தெம்பு வந்த பிறகு மொன்-றொயால் மலையின் மண்பாதைகளில் ஏறத் தொடங்கினோம். இத்தாலியில் கடலைப் பார்த்தபடி நிற்கிற மலைகளில், முந்தி கோவேறு கழுதைகள் போன கல்பாதைகளில் சைக்கிள் ஓடக் கூட்டிப்போகிற ஒரு சிறிய நிறுவனத்தை இணையத்தில் கண்டுபிடித்தவரும் அவரே. பனி கொட்டுகிற பின்னேரங்களில் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்போம். ஒருநாளைக்குப் போவோம் என்பார். நானும் ஓம் என்பேன்.

புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்யும் பண்டகசாலையில் மூன்று கியூபெக்காரர்கள் மவுண்டன் பைக் பித்துப் பிடித்தவர்கள். போன வருடம் சாப்பாட்டு நேரத்தில் அவர்களுக்கு அந்தப் படங்களைக் காட்டினேன். இரண்டு கிழமைக்குள் அவர்கள் செப்டெம்பருக்கு இடம் பதிந்துவிட்டு, நீயும் வா என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணையையும் கேட்கட்டுமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதை மறைக்கப் போவதில்லை. எனக்கு அவரைப் பற்றி வெட்கமாக இருந்தது. அண்ணை காற்சட்டையின் அடியைச் சொக்ஸுக்குள் சொருகிக்கொண்டு ஓடுவார். ஹெல்மெட்டுக்குக் கீழே ஒரு துணித் தொப்பி. ஹாண்டிலில் கட்டிய போனில் பழைய பாட்டுப் போகும். கால்வாயில் மீன் பிடிக்கிறவர், நாயோடு நடக்கிறவர், எல்லோருக்கும் நின்று 'பொன்ஜூர்' சொல்லி, என்ன மீன், என்ன நாய் என்று கேட்டால்தான் அவருக்கு மனம் ஆறும். ஏற்றத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு வருவார். என் வேலைத்தலத்து ஆட்களுக்கு முன்னால், இந்த மனிதரோடா நீ ஓடுகிறாய் என்று அவர்கள் என்னைப் பார்க்கிற பார்வையை நினைக்கவே உடம்பு கூசியது.

அதனால் லண்டனில் சொந்தக்காரப் பிள்ளை ஒன்று பெரியவளானதற்குச் சாமத்திய வீடு என்று அவரிடம் சொன்னேன். எங்கள் ஆட்களிடம் லண்டன் போகிறேன் என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதை மறந்துவிட்டேன். அடுத்த நாளே ஒரு பொதியோடு வந்து நின்றார். உள்ளே மேப்பிள் பாணி, விற்றமின் குளிசை, அவருடைய தங்கச்சியின் பிள்ளைகளுக்கு இரண்டு கம்பளித் தொப்பி. மேலே தங்கச்சியின் விலாசம். தானும் மனிசியும் அந்தக் கிழமை ரொறன்ரோவில் ஒரு புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போவதாகவும், இல்லாவிட்டால் விமான நிலையத்துக்குத் தானே கொண்டுபோய் விட்டிருப்பார் என்றும் சொன்னார். லண்டனில் விமானம் மாறும்போது பொதியைத் தபாலில் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அங்கே ஓடிப்போய் அடுத்த விமானத்தைப் பிடிக்கத்தான் நேரம் இருந்தது. பொதி என்னோடு இத்தாலிக்கு வந்துவிட்டது.

அந்த மலைகளைப் பற்றி நான் சொல்லாவிட்டால் அதுவும் பாவம். படி படியாகக் கல் அடுக்கிக் கட்டிய ஒலிவ் தோட்டங்கள், அதற்கு மேலே கஸ்கொட்டைக் காடு, அதற்கும் மேலே மொட்டைப் பாறை. ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே கடல் ஒரு துண்டு தெரியும். பாதையில் பதித்த கற்கள் குளம்படி பட்டுப் பட்டு வழுவழுத்துப் போயிருந்தன. முன் பிரேக்கைக் கொஞ்சம் கூடப் பிடித்தால் ஆள் ஹாண்டிலுக்கு மேலால் போவான். ஊர்கள் மலை முதுகில் ஒட்டிக்கொண்டு இருந்தன. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் வளைவு கட்டிய ஒழுங்கைகள், இரண்டு சைக்கிள் அருகருகே போக முடியாது. நான் நன்றாக ஓடினேன். முதல் இரண்டு நாளும் ஏற்றங்களில் முதலாவதாக வந்தேன். அந்த இளம் ஆட்களுக்கு அது கொஞ்சம் ஆச்சரியம். எனக்குத் தலைக்கனம்.

மூன்றாம் நாள் மத்தியானம் தேவாலய முற்றத்து நீர்த்தொட்டியடியில் சாப்பிட நிறுத்தினோம். பக்கத்திலேயே தபாற்கந்தோர் திறந்திருந்தது. முதுகுப்பையில் இருந்த பொதியை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். லண்டன் பொதியில் இத்தாலி முத்திரை விழுமே என்பது வரிசையில் நின்ற பிறகுதான் உறைத்தது. அந்த யோசனையில் இருந்தபோது பின்னால் தமிழ் கேட்டது.

"தம்பி, அது இன்னும் லண்டன் போகேல்லையோ?"

திரும்பினேன். அண்ணை. கையில் படம் போட்ட தபாலட்டைகள், தலையில் ஹெல்மெட், அதற்குக் கீழே துணித் தொப்பி. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவருடைய மனிசி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், இரண்டு பற்றரிச் சைக்கிள்களைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதே நிறுவனம், அதே மலிவான கிழமை, மெதுவாக ஓடுகிறவர்களுக்கான குழு. இருவருமாகச் சேர்ந்து பார்த்த பக்கத்தை ஒருவருக்கொருவர் ஒளித்துப் பதிந்திருக்கிறோம். அண்ணை வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் என் கையிலிருந்து பொதியை மெல்ல வாங்கி, தானே அனுப்புவதாகச் சொல்லி எனக்கு முன்னால் போய் நின்றார்.

வெளியே வந்தபோது என் வேலைத்தலத்து ஆட்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன், யார் இவர், உன் நண்பரா என்று பிரெஞ்சில் கேட்டான். ஓம் என்று சொல்ல ஒரு கணம் போதும். நான் "அயலவர்" என்றேன். வெறும் அயலவர். அண்ணைக்கு என்னைவிட நல்ல பிரெஞ்சு தெரியும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அவர் முகம் மாறவில்லை. கையை நீட்டி, ஓம், அயலவர்தான், கதவுக்குக் கதவு என்று அவர்களுக்குப் பிரெஞ்சில் சொன்னார். அக்கா பையைத் திறந்து பருத்தித்துறை வடையை எல்லோருக்கும் கொடுத்தார். என் ஆட்கள் கருமுரு என்று கடித்துக்கொண்டு அண்ணையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அவருடைய தொப்பியை ஒருவரும் கவனிக்கவில்லை. இரண்டு நாளாக என்னோடு அவர்கள் அப்படிச் சிரித்ததில்லை.

பின்னேரம் வெயில் இருக்கும்போதே அண்ணையும் அக்காவும் தங்கியிருந்த வீட்டைத் தேடிப் போனேன். கீழ் ஒழுங்கையில் அண்ணை வாளித் தண்ணீரால் சைக்கிளின் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். லண்டன் என்று சொன்னது பிழைதான், மனிசி கண்ணூறு என்று பயந்தவள் என்று ஏதோ இழுத்தேன். அவர் கையை அசைத்து அதை விடச் சொன்னார். தானும் ரொறன்ரோ என்றுதானே சொன்னது, தங்கள் வீட்டிலும் அதே கண்ணூறுதான் என்றார். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. அப்படியென்றால் கணக்குச் சரி, இருவரும் ஒரே பிழை. அந்தத் துணிச்சலில் பெரிய மனம் பண்ணிக்கொண்டு சொன்னேன், நாளைக்கு என் குழுவை விட்டுவிட்டு அவரோடு ஓட வருகிறேன் என்று.

அவர் சில்லைச் சுற்றிக் கழுவி முடித்தார்.

"வேண்டாம், தம்பி," என்றார். "அக்கா கண்ணூறு எண்டு சொன்னது உண்மை. ஆனா உமக்குச் சொல்ல வேண்டாமெண்டு சொன்னது நான். உம்மோட ஓடினா நான் ஒரு இடமும் பார்க்கிறேல்லை. உம்மட முதுகைத்தான் பார்க்கிறன். நான் மேல வந்து சேர நீர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிக்கிறீர். இந்த ஒரு கிழமையாவது மலையைப் பார்ப்பமெண்டு வந்தனான்."

குரலில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபித்துக்கொண்டு தப்பியிருப்பேன். அவர் துணியைப் பிழிந்து ஹாண்டிலில் காயப்போட்டுவிட்டு, தேத்தண்ணி குடிக்கிறீரா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒழுங்கையில் ஏறி வந்தேன். முகம் எரிந்தது. அவரை நாலு பேருக்கு முன்னால் எப்படிக் கொண்டுபோவது என்று நான் கூசிக்கொண்டு இருந்த காலமெல்லாம், அவர் என்னைப் பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அது எனக்குத் தெரியவும் இல்லை.

அடுத்த நாள் ஏற்றத்திலும் நானே முதல் வந்தேன். உச்சியில் ஒரு சின்னத் தேவாலயம், அதன் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றேன். கை தானாகத் திரும்பி, கண் மணிக்கூட்டில் போய் நின்றது. அந்த நேரம் பார்த்து என் வேலைத்தலத்துப் பையன்களில் ஒருவன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். என் முகத்தைப் பார்த்ததும், பிந்தியதற்கு மன்னிக்கச் சொன்னான். அண்ணையும் மொன்-றொயால் உச்சிக்கு வந்து சேரும் ஒவ்வொரு முறையும் இப்படித்தான், சொறி தம்பி என்பார். நானும் பரவாயில்லை அண்ணை என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு உடனே சைக்கிளில் ஏறிவிடுவேன். அவர் இளைப்பாறவேண்டுமே என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இந்த வசந்தத்தில் பனி கரைந்து கால்வாய்ப் பாதை திறந்தாகிவிட்டது. அண்ணையும் அக்காவும் பற்றரிச் சைக்கிள் வாங்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவற்றை லிப்டில் இறக்குகிற சத்தம் எங்கள் கதவுக்குள் கேட்கும். வழியில் கண்டால் அண்ணை முன்போலவே கதைக்கிறார், என் சீனி அளவைக் கேட்கிறார். நான் சுகம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். நானும் வரட்டுமா என்று ஏன் கேட்காமல் இருக்கிறீர்கள், அவர் உங்களை வேண்டாமென்றா சொல்லப்போகிறார் என்கிறாள் மனைவி. சொல்லமாட்டார். நான் கேட்டால் ஓம் வாரும் என்றுதான் சொல்வார், என்னையும் கூட்டிக்கொண்டு போவார், மறுபடியும் ஒரு இடமும் பார்க்கமாட்டார். அதனால்தான் கேட்கவில்லை.