தூளிக் கயிற்றில் இரும்பு

சின்னையன் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்போடு சாவிக்கொத்தையும் வாசலில் கழற்றி வைக்க வேண்டும். குடை, பேனாக்கத்தி எதுவும் உள்ளே போகக்கூடாது. "கோயில்லகூட இவ்வளவு கெடுபிடி இல்லீங்களே" என்று பால்காரர் அழகிரி கேட்டால், "சாமி பொறுத்துக்கும், ஊசி பொறுத்துக்காதுங்க" என்பார். கதவிலிருக்கும் 'சின்னையன், பி.எஸ்ஸி.' என்ற பலகைகூட ஆணியில் இல்லை. தேங்காய்நார்க் கயிற்றில் தொங்குகிறது. மண்ணச்சநல்லூருக்கு அப்பால், ஏர் பிடிக்கும் குடும்பத்தின் முதல் பட்டம் அது. ஆணியை விடுவார், பலகையை விடமாட்டார்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் பௌதிகச் சோதனைக்கூட டெமான்ஸ்ட்ரேட்டர். ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் ஓட்டு வீடு. கல்லூரி கொடுத்த வால்வுகளைப் போட்டு ஒரு ரேடியோ கட்டியிருக்கிறார். அதில் பாட்டுக் கேட்பதில்லை. தூரதேசத்து நிலையத்தின், பேச்சும் பாட்டும் ஏறாத வெற்று அலையைப் பிடித்து, இங்கே ஒரு ஸ்படிகம் எழுப்பும் அலையோடு மோதவிடுவார். சுருதி சேராத இரண்டு நாயனம்போல 'ஊம், ஊம்' என்று அதிரும். சில காலைகளில் அந்த அதிர்வு மூச்சு வாங்குவதுபோல் தானாக விரைந்து, தானாகத் தளரும்.

ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும் மின்னடுக்கு வானத்தில் இருக்கிறது. பூமியின் காந்தம் துடிக்கும்போது அதுவும் ஏறி இறங்குகிறது, அதனால்தான் இந்த மூச்சு என்பது சின்னையன் கட்சி. "வால்வு சூடாகி ஸெட் நழுவுதுய்யா" என்பது பேராசிரியர் ரோசரியின் கட்சி. ஒரு காலை அவரே வந்து பார்ப்பதாக ஏற்பாடு. காந்தமும் ஒலியும் ஒன்றாக ஆடினால் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பெயர் பதியலாம். இல்லாவிட்டால் வால்வுகள் கல்லூரி அலமாரிக்குத் திரும்பும்.

காந்தம் என்பது கண்ணாடி ஜாடிக்குள் தொங்கும், காந்தமேற்றிய ஒரு தையலூசி. முறுக்கில்லாத ஒற்றைப் பட்டிழையில் தொங்குகிறது. மனைவி வள்ளிக்கண்ணுவின் கூறைச் சேலைக் கரையிலிருந்து எடுத்த இழை. "அடுத்தாப்புல தாலியக் கேப்பீங்களா?" என்று சொல்லிக்கொண்டே அவள்தான் உருவிக் கொடுத்தாள். ஊசியில் ஒட்டிய கண்ணாடிச் சில்லு விளக்கொளியைச் சுவரில் ஒரு புள்ளியாக எறியும். பூமியின் காந்தமோ பக்கத்து இரும்போ இழுத்து ஊசி எள்ளளவு திரும்பினாலும் புள்ளி இடம் மாறும்.

பேராசிரியர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒலி நிதானமாக ஏறி இறங்கியது. சுவர்ப் புள்ளியோ நின்ற இடத்தில் நில்லாமல் பதறியது.

"இதுவாய்யா பூமியோட காந்தம்? குளிர் ஜுரம் வந்த மாதிரி இருக்கே."

உள்ளறையில் தூளி ஆடும் சத்தம் கேட்டது. சின்னையன் எட்டிப் பார்த்தார். விடியலில் அவரே எடுத்துக் கொல்லைக்கு அப்புறப்படுத்திய கதிரருவாள், துணி சுற்றித் தூளிக் கயிற்றில் செருகியிருந்தது. தூளியோடு அதுவும் ஆடியது.

"மறுபடி வெச்சியா?"

"ஊருக்கெல்லாம் கழட்டச் சொல்லுங்க. பச்சப்புள்ளக்கி இரும்பு காவல் வேணும்." வள்ளிக்கண்ணுவின் கை தூளியை விடவில்லை. "மூத்தவனுக்கு வைக்கல. படிச்சவங்க நீங்கதான வேணாம்னீங்க."

தொண்டையடைப்பான் கண்டு செத்த மூத்தவனுக்கு இரும்பு என்ன செய்திருக்கும் என்ற பதில் நாக்கு வரை வந்து நின்றது.

"எனக்குக் கிளாஸ் இருக்கு, சின்னையன்." கூடத்தில் நாற்காலி நகர்ந்தது.

சின்னையன் அருவாளைத் தொடவில்லை. வள்ளிக்கண்ணு அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தோளில் சாய்த்து, அருவாளை முந்தானைக்குள் இடுக்கி, பேராசிரியரைத் தாண்டிப் படியிறங்கினாள். தெருக்கோடி மதில் நிழலில் போய்த்தான் உட்கார்ந்தாள்.

புள்ளி ஒருமுறை துள்ளி அடங்கியது. அப்புறம் மெல்ல இடப்பக்கம் ஊர்ந்தது; ஒலி விரைந்தது. வலப்பக்கம் திரும்பியது, ஒலி தளர்ந்தது. கதவுவரை போன பேராசிரியர் அங்கேயே நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை வருதா பாப்பம்" என்றார். வந்தது.

சின்னையன் இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறார். ஆராய்ச்சிக்குப் பெயர் பதிந்தாயிற்று. ஊசிதான் இடம் மாறிவிட்டது: கொல்லைக்கோடியில், ஆணியே படாமல் கயிற்றால் கட்டிய கீற்றுக்கொட்டகை. காலையில் அங்கே போகுமுன் சாவியை மாடத்தில் வைக்கிறார். பிறகு உள்ளறைக்கு வந்து, தூளிக் கயிற்றில் அருவாள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, கூர்ப்பக்கத்தைப் பிள்ளைக்கு மறுபுறமாகத் திருப்பிச் செருகுகிறார்.