மாதாவுக்கு நேர்ந்த லாரி

வண்ணம் பூசுவது பெரிய வித்தையில்லை; பூசக் கூடாத இடத்தில் வண்ணம் போகாமல் காப்பதுதான் எங்கள் தொழில். மாடல் லாரிக்கோ விமானத்துக்கோ கண்ணில் படாமலிருக்கப் பட்டாளத்தார் அடிக்கும் திட்டுகள் போட்டு, வண்ணம் படாமல் ஒட்டிய மறைப்பை உரிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்த வேதனை புரியாது.

யுத்த காலத்தில் வடக்கே ஒரு முகாமில் இருந்தேன். சிப்பாய்களுக்குப் பாடம் நடத்த மரத்தில் செய்த குட்டி வண்டிகளுக்கு வண்ணம் பூசும் வேலை. திரும்பி வந்தபின் வண்டிப்பெரியாரில் கடை போட்டு, தமிழிலும் மலையாளத்திலும் போர்டு எழுதிப் பிழைக்கிறேன்.

ஆசாரி செய்த பச்சை லாரி

எஸ்டேட் டிரைவர் அந்தோணிமுத்து ஒரு நாள் வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவரும் பட்டாளத்தில் இருந்தவர். பர்மா எல்லையில் மூங்கில் புதரோரம் லாரியோடு நின்றபோது, எதிரி விமானம் ஒன்று தாழ வந்து தலைக்கு மேல் வட்டமிட்டதாம். தப்பித்தால் இதே லாரியைக் காலடியில் வைக்கிறேன் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டாராம். கால் குணமானால் மெழுகுக் கால், வீடு கட்டினால் மர வீடு என்று கோயிலில் காணிக்கை வைப்பது இங்கே வழக்கம்தானே. ஊர் வந்ததும் ஆசாரியிடம் ஒரு லாரி செய்து வாங்கிக் கோயிலில் வைத்திருக்கிறார். ஆசாரி அதற்கு மொழுமொழுவென்று ஒரே பச்சை அடித்துவிட்டார். இவர் மனம் ஒப்பவில்லை.

நேர்ச்சை தீராமல் மலைப்பாதை இறங்கப் பயந்து, எஸ்டேட்டுக்குள்ளேயே வண்டி ஓட்டிக் காலம் தள்ளியிருக்கிறார். இப்போது துரை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மாதா திருவிழா முடிந்ததும் குமுளி வழியாகக் கம்பத்துக்கு இறங்கி, கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு அரிசி ஏற்றிவர வேண்டும். மறுத்தால் வேலையும் போகும், லயத்து வீடும் போகும்.

“ஏதோ ஒரு லாரி வைத்தாயிற்றே, போதாதா?” என்று கேட்டேன்.

“உங்க புள்ளைக்கு நேர்ந்துகிட்டு, பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு மொட்டை போடுவீகளா ஐயா?” என்றார்.

உரிந்ததும் உரியாததும்

அவர் சொன்ன அடையாளப்படி முழ நீளத்தில் புதிதாக ஒரு மர லாரி தயாரானது. முதலில் உடம்பு முழுவதும் மண் நிறம். மண் நிறமாகவே நிற்க வேண்டிய இடங்களைப் பசை நாடாவால் மூடி, மூட்டைப்பூச்சி மருந்தடிக்கும் பம்பினால் மேலே கரும்பச்சை தூவினேன். மூடுபனிக்காலம்; அடி வண்ணம் உள்ளே காயவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? நாடாவை இழுத்தேன். மண் நிறமும் கூடவே வந்தது, மரம் பல்லிளித்தது. என் மனைவி சரசு, பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளிக்காரி. காப்பியை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

“ஏனுங்க, லாரிக்கு பெயிண்ட் அடிக்கறீங்களா, வெங்காயம் உரிக்கறீங்களா?”

சுரண்டி, மறுபடி பூசி, அடுப்பங்கரையில் வைத்து நன்றாகக் காயவிட்டு, இந்த முறை தேயிலைப் பெட்டிக்குள் வைக்கும் ஈயத்தாளை வெட்டிப் போர்த்தினேன். புளியங்கொட்டையால் தேய்த்தால் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். உரித்தபோது ஓரங்கள் கத்தியால் கீறியது போல் வந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தோணிமுத்துவின் முகம் தொங்கிவிட்டது. பர்மா ரோட்டில் அவரும் சக சிப்பாய்களும் துடைப்பத்தை வண்ணத்தில் தோய்த்து அடித்த திட்டுகள் வேறு மாதிரி. ஓரம் மேகம் மாதிரி அலைந்து போகுமாம்.

“இது லாரி இல்ல ஐயா, சோடாக் கடை போர்டு” என்றார்.

ரப்பர் பால்

வெட்டுகிற மறைப்பு உதவாது, வழிகிற மறைப்பு வேண்டும் என்று அப்போதுதான் புத்தியில் பட்டது. கீழே முண்டக்கயத்தில் ரப்பர் தோட்டங்கள் உண்டு. பஸ் கண்டக்டர் ஒரு பாட்டில் ரப்பர் பால் வாங்கி வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டே கொடுத்தார். “சாரே, இது பாலோ, செத்த மீனோ?”

அந்தோணிமுத்து கண்ணை மூடிக்கொண்டு காற்றில் விரலால் வரைவார். நான் அந்தப் போக்கிலேயே தூரிகையால் பாலைப் பூசுவேன். கதவிலிருந்து கூரைக்கு ஏறி, பானெட்டில் விழுந்து, சக்கரத்தின் மேல் அந்தக் கோடு தொலைந்துபோகும். பால் காய்ந்து ஜவ்வானதும், ஓரங்களில் முதலில் மண் நிறத்தையே மெல்லத் தூவினேன். இடுக்கு இருந்தால் அதே நிறம் அடைத்துக்கொள்ளும். அதன் மேல் கரும்பச்சை.

உரிக்கிற நாள் வந்தது. விளிம்பில் நகத்தைக் கொடுத்தேன். ஜவ்வு ஓசையில்லாமல் எழுந்தது, ஒரே உரியாக. அதன் கீழே மண் நிறம் இப்போதுதான் பிறந்தது போல் ஈரப் பளபளப்போடு கிடந்தது. கதவு எங்கே முடிகிறது, பானெட் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிடிக்க முடியவில்லை. நான் செய்ததுதான், ஆனாலும் கையை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றேன். அந்தோணிமுத்து குனிந்து கண்ணைக் கதவோரம் கொண்டுபோனார்.

“கதவைத் தொறந்து ஏறிரலாம் போல இருக்கு ஐயா.”

திருவிழா

திருவிழாவுக்கு மறுநாள் அவர் மலை இறங்கிக் கம்பம் போய், அரிசி மூட்டைகளோடு ஏறி வந்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது திருவிழாவன்று நடந்தது.

மாதாவின் பீடத்தைப் பெரணித் தழையாலும் காப்பிக் கிளையாலும் பெண்கள் நிறைத்திருந்தார்கள். அந்தோணிமுத்து காலையிலேயே லாரியைக் காலடியில் வைத்துவிட்டு முழங்காலில் நின்றிருந்தார். பூசை முடிந்து காணிக்கைகளை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த பங்குச் சாமியார், தீர்த்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “லாரி எங்கேப்பா?” என்றார். நானும் பார்த்தேன். தழை, தழையின் நிழல், மெழுகுவர்த்தி வெளிச்சம், அவ்வளவுதான். யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்களா? குனிந்து பார்த்த பிறகுதான் தழைக்கு நடுவே ஒரு சக்கரம் தெரிந்தது. அதிலிருந்து மெல்ல மெல்ல லாரி முழுதும் வெளியே வந்தது.

அந்தோணிமுத்துவின் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வாய் சிரித்தது.

“பர்மாவுல அன்னைக்கும் இப்படித்தான் சாமி. மேல சுத்துனவனுக்குத் தெரியல. அவளுக்கு மட்டும் தெரிஞ்சுது.”

ஆகவே அன்பர்களே, பாராட்டு வேண்டுமென்றால் போர்டு எழுதப் போங்கள். இந்த வேலையை ஒழுங்காகச் செய்தால் அதைத் தேடிக் காட்டவே ஓர் ஆள் வேண்டியிருக்கும்.